ஊதல் யார் கையில்?

(கள்ளக்குறிச்சிப் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் பேச வேண்டிய இடத்தில் ஆட்டக்களத்தைப் பற்றிப் பேசுகிறானே இவன் என்று புருவத்தை நெரிப்போர் உண்டு. நெரிக்கட்டும்! யார் கற்பிப்பது, யார் கற்பது, யார் கட்டளையிடுவது, யார் கீழ்ப்படிவது என்ற கேள்வி எழுகின்ற இடமெல்லாம் அரசியல் மேடைதான். பந்தை உதைப்பது கால். எந்தக் கால் களத்தில் இறங்கலாம், எந்தக் கை ஊதலைப் பிடிக்கலாம் என்று முடிவு கட்டுவது சமுதாயம்.

கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டேன். படிப்பகத்துத் திண்ணையிலே பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். தியாகதுருகத்தார் சிலர், சங்கராபுரத்தார் சிலர், வெள்ளிமலையிலிருந்து பேருந்து பிடித்து இறங்கி வந்தவர் ஒருவர். குரல் உயர்கிறது, கை உயர்கிறது, தேநீர்க் குவளை ஆறுகிறது, கவனிப்பார் இல்லை! விலைவாசி பற்றிய வாதமோ, வேலையின்மை பற்றிய வேதனையோ என்று காது கொடுத்தேன். இல்லை, தோழர்களே, இல்லை! இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருக்கத் தக்கவர் யார்? இதுதான் வழக்கு. வாதிகள் மூவர், பிரதிவாதிகள் மூவர், நீதிபதி மட்டும் இல்லை. என்னைக் கண்டதும் அந்த நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டனர். கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டவன் நான், சட்டம் படித்தவனல்லன். ஆயினும் நாடகத்தில் நீதிபதி வேடத்துக்கு வசனம் எழுதியவன் என்ற துணிவில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வழக்கின் வரலாறு.

2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள். தாய்லாந்து நாட்டுச் சியாங் மாய் நகரம். ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரே நிற்பது உலகக்கோப்பை மேடையைக் கண்ட தாய்லாந்து அணி. அவர்களுக்குச் சொந்த மண், சொந்த மக்கள், சொந்த ஆரவாரம். நம் பெண்களுக்கு? சொந்தமாக இருந்தவை இரண்டு கால்கள்! இரண்டுக்கு ஒன்று என்று வென்றனர். இரண்டு கோலையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். அதற்கு முன்னரே மங்கோலியாவை 13–0, திமோரை 4–0, ஈராக்கை 5–0 என்று வீழ்த்தியிருந்தனர். மங்கோலியாவுக்கு எதிராகக் கோல் அடித்தோர் வரிசையிலே நம் தமிழகத்துப் பிரியதர்ஷினி செல்லத்துரையும் உண்டு. தகுதிச் சுற்றில் ஆடி, வென்று, ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் அணி நுழைந்தது அதுவே முதல் முறை. அந்த அணியின் பயிற்சியாளர் கிறிஸ்பின் செத்ரி. அதற்கு முந்திய ஆண்டு ஒடிசா அணியை இந்தியப் பெண்கள் லீக் போட்டியில் வாகை சூட வைத்தவரும் அவரே.

வாசலைத் திறந்து வைத்தவர் அவர். வாசலுக்குள்ளே அணியை அழைத்துச் செல்லும் பொறுப்போ வேறொருவர் கைக்குப் போயிற்று. ஆஸ்திரேலியாவில் போட்டி தொடங்க இரண்டு மாதங்கூட இல்லாத 2026 ஜனவரியில், கோஸ்டா ரிக்கா நாட்டு அமேலியா வல்வெர்தே என்னும் பெண்மணியைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. கிறிஸ்பின் துணைநிலைக்கு வந்தார். வல்வெர்தே எளியவர் அல்லர். ஐம்பது இலட்சம் பேர் வாழும் சின்னஞ்சிறு நாட்டின் அணியை 2015ஆம் ஆண்டு உலகக்கோப்பைக்கு அழைத்துச் சென்றபோது அவருக்கு வயது 28. பலம் பொருந்திய ஸ்பெயினை 1–1 என்றும், தென்கொரியாவை 2–2 என்றும் சமநிலையில் நிறுத்திக் காட்டியவர். 2023 உலகக்கோப்பையிலும் அந்த அணியின் தலைமை அவரிடமே இருந்தது.

மூண்டது வாதம்!

“உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவனா? நாற்று நட்டவரைக் கதிர் அறுக்கும் நாளில் வரப்பில் நிறுத்துவது என்ன நியாயம்?” என்று கேட்டார் சங்கராபுரத்துத் தோழர்.

“நியாயம் பேசினால் கோல் விழுமா? ஜப்பானோடு மோத உலகக்கோப்பையைக் கண்ட கண் வேண்டும். அந்தக் கண் எந்த நாட்டில் இருந்தால் என்ன?” என்றார் தியாகதுருகத்து நண்பர்.

“நாட்டைப் பேசுகிறீர்கள், பெண்கள் அணிக்குப் பெண்ணே பயிற்சி தருவதுதான் முறை என்பதைப் பேச மாட்டேன் என்கிறீர்களே!” என்று குறுக்கே பாய்ந்தார் மூன்றாமவர். அவர் ஓர் உடற்கல்வி மாணவி, அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்த ஒரே பெண்.

மூவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் தீர்ப்பு எளிதன்று. ஆஸ்திரேலிய ஆட்டங்களின் வெற்றி தோல்வியைத் தராசில் போட்டு, “பார்த்தாயா, நான் சொன்னேனே” என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடன்று. இரண்டு மாதப் பயிற்சியின் பலனை வைத்து யாரையும் தூக்கிலிடவும் கூடாது. யாருக்கும் மாலையிடவும் கூடாது.

ஆண் பயிற்சியாளர்களைப் பற்றிய பழைய கணக்கைப் பாருங்கள். 1975ஆம் ஆண்டு வாக்கில் இந்தியப் பெண்கள் அணி உருவானபோது அதற்குப் பயிற்சி தந்தவர் வங்கத்துச் சுஷில் பட்டாச்சார்யா. பந்தாட வரும் பெண்ணை ஊரே வேடிக்கை பார்த்த காலம் அது. அந்தக் காலத்து அணி 1980இலும் 1983இலும் ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டம்வரை சென்றது. ஆம், தோழர்களே! ஆசியாவில் இரண்டாம் இடம்! 1980ஆம் ஆண்டுப் போட்டி நம் அண்டையிலுள்ள கோழிக்கோட்டிலேயே நடந்தது. சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். அதே நாட்டின் அணி, 2009ஆம் ஆண்டில், நீண்ட நாளாகப் பன்னாட்டு ஆட்டமே ஆடவில்லை என்ற காரணத்தால் உலகத் தரவரிசையில் பெயர்கூட இல்லாமல் போயிற்று! இரண்டாம் படியில் நின்றவர்களை இல்லாதவர்கள் ஆக்கியது யார்? பயிற்சியாளரா? இல்லை. ஆட்டமே நடத்தாமல் அமர்ந்திருந்த அலுவலகங்கள். பெண்களுக்கென நாடு தழுவிய லீக் 2016–17ஆம் ஆண்டில்தான் பிறந்தது. இடைப்பட்ட காலத்திலே எத்தனை பெண்கள் பந்தை வைத்துவிட்டுப் பானையை எடுத்தார்களோ!

பின்னர் வந்ததோ நாற்காலி ஆட்டம். கோவாவின் மேமோல் ராக்கி 2017 முதல் 2021 வரையில் தலைமைப் பயிற்சியாளர். ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்துக்கு அணி முதன்முதலாகச் சென்றது அவர் காலத்தில். 2019இல் தெற்காசியக் கோப்பை வென்றதும் அவர் காலத்தில். அந்தப் போட்டியில் கோல் மழை பொழிந்தவர் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். 2021இல் மேமோல் விலகினார். வந்தார் சுவீடன் நாட்டுத் தாமஸ் டென்னர்பி. இடையில் சுரேன் செத்ரி. மீண்டும் டென்னர்பி. பிறகு மணிப்பூரின் லங்கம் சாவ்பா தேவி. அவர் அமர்ந்த சூடு ஆறுவதற்குள் சந்தோஷ் காஷ்யப். அடுத்து மற்றொரு சுவீடன்காரர், ஜோக்கிம் அலெக்சாண்டர்சன். 2025 தொடக்கத்தில் கிறிஸ்பின். அப்பப்பா! நான்கு ஆண்டுகளுக்குள் இத்தனை பேர்! ஒரு நாடகத்தை ஒத்திகை பார்க்க நான் மூன்று மாதம் கேட்பேன். அதற்குள் இயக்குநர் இருவர் மாறினால் கதாநாயகன் வில்லன் வசனத்தைப் பேசுவான். பதினொரு பேர் ஒரே மூச்சில் ஓட வேண்டிய ஆட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை ஆசிரியர் மாறினால் என்ன ஆகும்?

ஆகவே சங்கராபுரத்துத் தோழருக்கு என் தீர்ப்பின் முதற்பகுதி சாதகம். ஒருவரை அமர்த்தினால் நான்கு ஆண்டுக்கு எழுத்து மூலம் அமர்த்துங்கள். போட்டியின் வாசற்படியில் ஆளை மாற்றுவது, மாற்றப்பட்டவர்க்கு மட்டுமன்று, வருபவர்க்கும் அநீதி. வல்வெர்தேயின் திறமையில் எனக்கு ஐயமில்லை. அந்தத் திறமையை இறக்கி வைக்க இரண்டு மாதக் கூடை போதுமா என்பதே ஐயம்.

“வெளிநாட்டார் வேண்டாம்” என்ற கூச்சலை மட்டும் நான் ஏற்க மாட்டேன். சரீனா வீக்மன் என்ற டச்சுப் பெண்மணி தம் நாட்டை 2017இல் ஐரோப்பியக் கோப்பை வெல்லச் செய்தார். பிறகு இங்கிலாந்து அழைத்தது, சென்றார். 2022இலும் 2025இலும் அதே கோப்பையை இங்கிலாந்துக்கு வென்று தந்தார். எந்த இங்கிலாந்து? 1921ஆம் ஆண்டில், கால்பந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, சங்க மைதானங்களின் கதவைப் பெண்களுக்குச் சாத்தி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சாத்தியபடியே வைத்திருந்த இங்கிலாந்து! கதவைச் சாத்தியவர்களின் பேரர்கள், கடல் கடந்து வந்த ஒரு பெண்ணின் கட்டளைக்குக் கைதட்டினார்கள். இன்னொரு செய்தி: இந்த வீக்மன் அம்மையார் முன்னாளில் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியை. திண்ணையில் அமர்ந்திருந்த அந்த மாணவிக்கு இதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த ஒளியை எழுத்தில் வடிக்க எனக்குத் தெரியவில்லை.

இனி ஆணா, பெண்ணா என்ற பெரு வழக்கு.

“திறமைக்கு ஆண் பெண் உண்டா?” என்று கேட்பார்கள். இனிக்கும் கேள்வி! சரி, கணக்கு பார்ப்போம். 1991 முதல் 2023 வரையில் பெண்கள் உலகக்கோப்பை ஒன்பது முறை நடந்திருக்கிறது. ஐந்து முறை வென்ற அணிகளின் பயிற்சியாளர் ஆண். நான்கு முறை பெண். 2003இல் ஜெர்மனிக்குத் தினா தொய்னே, 2007இல் அதே ஜெர்மனிக்குச் சில்வியா நைட், 2015, 2019 ஆகிய இருமுறையும் அமெரிக்காவுக்கு ஜில் எல்லிஸ். பாதிக்குப் பாதி என்கிறீர்களா? பொறுங்கள். 2023 உலகக்கோப்பையில் ஆடிய அணிகள் 32. பெண் பயிற்சியாளர்கள் 12 பேர்தாம். அணியில் நிற்பவர் அத்தனை பேரும் பெண்கள். அணியை நடத்துவோரில் பெண்கள் பாதிகூட இல்லை. சிறுபான்மையாய் நின்றும் கிட்டத்தட்டச் சரிபாதிக் கோப்பைகளைப் பெண் பயிற்சியாளர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால், திறமை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த 2023ஆம் ஆண்டிலே இன்னொரு பாடமும் உண்டு. கோப்பையை வென்றது ஸ்பெயின். பயிற்சியாளர் ஜோர்ஜ் வில்டா. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே பதினைந்து ஆட்டக்காரிகள், இந்த நிலையில் எங்களால் ஆட இயலாது, எங்கள் மனநலம் கெடுகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தனர். கூட்டமைப்பு செவி சாய்க்கவில்லை. கோப்பை வந்தது; பரிசளிப்பு மேடையிலேயே கூட்டமைப்பின் தலைவர் ஒரு வீராங்கனையின் உதட்டில் முத்தமிட்டார். உலகம் காறி உமிழ்ந்தது; தலைவர் பதவி போயிற்று, பயிற்சியாளர் பதவியும் போயிற்று. வெற்றி வந்துவிட்டால் வேதனை மறைந்துவிடும் என்று எண்ணுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்பெயினுக்கு ஏன் போக வேண்டும்? 2022ஆம் ஆண்டில், பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை நம் நாட்டில் நடப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, ஐரோப்பாவுக்குப் பயிற்சிக்குச் சென்ற நம் சிறுமியர் அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர், தகாத நடத்தைக் குற்றச்சாட்டின்பேரில் நீக்கப்பட்டார், வழக்கும் தொடுக்கப்பட்டது. பதினாறு வயதுச் சிறுமி. அந்நிய நாடு. அவள் அஞ்சினால் யாரிடம் சொல்வாள்? கதவைத் தட்டினால் திறப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத அணி எத்தனை கோல் அடித்தாலும் எனக்கு அது அணியன்று.

ஆதலின் என் தீர்ப்பின் இரண்டாம் பகுதி: தலைமை யாராயினும் ஆகுக, ஆனால் பெண்களின் அணியிலே பயிற்சிப் பொறுப்பில் பெண் இல்லாமல் பேருந்து புறப்படக் கூடாது. துணி மடித்து வைக்க ஒரு பெண், மருந்து பூச ஒரு பெண் என்று கணக்குக் காட்டுவது போதாது. யார் ஆடுவது, யார் அமர்வது என்று முடிவெடுக்கும் மேசையில் அவள் இருக்க வேண்டும்.

உடனே ஒருவர் கேட்டார்: “அப்படியானால் கடலூர் மாரியப்பனை என்ன சொல்வீர்கள்?” நல்ல கேள்வி. நம் பழைய தென்னார்க்காட்டுத் தலைநகரான கடலூரில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், அரசு இல்லத்தில் வளர்ந்த ஏழைச் சிறுமியரை அழைத்துக் காலில் பந்தைக் கொடுத்தவர் மாரியப்பன் என்ற பயிற்சியாளர். தாயும் தந்தையும் தர இயலாததை அந்த மைதானம் தந்தது. அங்கிருந்து எழுந்த சந்தியா ரங்கநாதன் இந்தியாவின் சட்டையை அணிந்தார். அதே கடலூரின் இந்துமதி, காவல்துறையில் உதவி ஆய்வாளர்; 2020 பெருந்தொற்று நாள்களிலே பந்தை வைத்துவிட்டுக் காக்கிச் சட்டையில் தெருவில் நின்றவர். 2018இல் மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வென்று தேசியப் பட்டத்தைத் தமிழ்நாடு முதன்முறையாகப் பெற்றது. 2023இல் அமிர்தசரஸில் அரியானாவை 2–1 என்று வென்று மீண்டும் பெற்றது. இந்தப் பயிருக்கு நீர் பாய்ச்சியவர்களில் ஆண்கள் பலர். அவர்களை நான் வணங்குகிறேன். என் கேள்வி அவர்களைக் குறைப்பதற்கன்று: அவர்கள் வளர்த்த பெண்கள், ஆடி முடித்த பின்னர் எங்கே போகிறார்கள்? ஆண் ஆட்டக்காரன் ஓய்ந்தால் பயிற்சியாளன் ஆகிறான். பெண் ஓய்ந்தால் அவள் பெயர் பழைய செய்தித்தாளில் மட்டும் இருக்கிறது.

நாடகக்காரன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பெண் வேடத்தை ஆணே கட்டிய காலம் நம் மேடையில் நெடுங்காலம் இருந்தது. “பெண் மேடையேறினால் கலை கெடும்” என்றனர். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்ற பெண், பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் கம்பெனி நடத்திக் காட்டினார். கலை கெட்டதா? கூட்டம் அலைமோதியது! 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலைக்குப் பெண்களையே அமர்த்துக என்று தீர்மானம் போட்டது. அன்று சிரித்தவர் பலர். இன்று தம் குழந்தைக்கு முதலெழுத்தைக் கற்பித்தவர் யார் என்று அந்தச் சிரித்தவர்களின் பேரர்களைக் கேளுங்கள்.

இத்தனையும் பேசி முடித்துவிட்டுத் தீர்ப்பை வாசித்து எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அதுவரை வாய் திறவாதிருந்த வெள்ளிமலை இளைஞர் மெதுவாகக் கேட்டார்: “ஐயா, கோஸ்டா ரிக்காவிலிருந்து வரலாம், சுவீடனிலிருந்து வரலாம், சரி. எங்கள் மலையிலிருந்து ஒரு பெண் அந்த வேலைக்கு வர வேண்டுமென்றால் எந்த வழியாக வர வேண்டும்?”

திண்ணை அடங்கிவிட்டது, தோழர்களே.

கல்வராயன் மலையை நீங்கள் அறிவீர்கள். நாடு விடுதலை பெற்றும் 1976 வரையில் ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்த மலை. சாமையும் மரவள்ளியும் விளைவித்து, சமவெளிக்குத் தலைச்சுமையாய் இறக்கிவந்த மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. 2024ஆம் ஆண்டில் கருணாபுரத்துச் சாராயச் சாவு அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதுதான், இப்படி ஒரு மலை இருக்கிறது, அங்கே சாலையும் பள்ளியும் மருத்துவமும் குறைவு என்பது நாட்டின் செவிக்கு எட்டியது. அந்த மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலே படிக்கும் பெண் பிள்ளைகள் ஏறாத மேடும் இறங்காத பள்ளமும் உண்டா? மூச்சுக்கும் காலுக்கும் பயிற்சி அவர்களுக்கு நாமா தர வேண்டும்? இல்லாதது சமமான ஒரு மைதானம். இல்லாதது மாலையில் ஊதல் ஊதி அழைக்கும் ஓர் ஆசிரியை.

வழியைக் கேட்டாரே, அதைச் சொல்கிறேன். பயிற்சியாளர் ஆவதற்கு ஏணி ஒன்று இருக்கிறது. அடிப்படி, இந்தியக் கூட்டமைப்பு வழங்கும் ‘டி’ உரிமம். அதன்மேல் ஆசியக் கூட்டமைப்பின் ‘சி’, ‘பி’, ‘ஏ’ உரிமங்கள், உச்சியில் ‘புரோ’. ஒவ்வொரு படிக்கும் பயிற்சி முகாம், கட்டணம், பயணம், தங்கும் செலவு, விடுப்பு, இடையிலே களத்தில் பெற வேண்டிய அனுபவம். நகரத்து ஆண் இதை ஏறிவிடுகிறான். மலையிலே பிறந்த பெண்ணுக்கு முதற்படியே மார்பளவு உயரம். கட்டணம் கட்டத் தந்தையிடம் பணமில்லை. தனியே வெளியூர் சென்று தங்கத் தாய் விடமாட்டாள். பத்தாவது முடித்ததும் பெண் கேட்டு வந்துவிடுகிறார்கள். தில்லியில் அமர்ந்து “தகுதியுள்ள பெண் கிடைக்கவில்லை” என்கிறார்களே, அந்தச் சொல் பிறக்கும் இடம் வெள்ளிமலைதான்!

ஆகவே தியாகதுருகத்து நண்பருக்கும் சங்கராபுரத்துத் தோழருக்கும் ஒரு வேண்டுகோள். தலைமைப் பயிற்சியாளர் யார் என்று நாள்தோறும் வாதாடுங்கள், வாதாடுவது நல்லது. கூடவே ஒரு வேலை செய்யுங்கள். நம் மாவட்டத்தில், மாநில அளவிலும் பல்கலைக்கழக அளவிலும் பந்தாடி நிறுத்திவிட்ட பெண்கள் யார் யார் என்று ஊர் ஊராய்க் கேட்டு எழுதுங்கள். உளுந்தூர்ப்பேட்டையில் இருப்பார், சின்னசேலத்தில் இருப்பார், திருக்கோவிலூரில் கைக்குழந்தையோடு இருப்பார். அவர்களில் விருப்பமுள்ள இருவருக்கு ‘டி’ உரிமப் பயிற்சிக்கான கட்டணத்தையும் பயணச் செலவையும் இந்தப் படிப்பகம் ஏற்கட்டும். கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வைக்கும் செலவில் ஒரு பகுதி போதும்; ஒரு மாதம் நான் குரலை உயர்த்திப் பேசிக்கொள்கிறேன். பயிற்சி முடித்தவர் கிழமைக்கு இருநாள் வெள்ளிமலைப் பள்ளிக்கு ஏறிச் செல்லப் பேருந்துக் கட்டணமும் நம் பொறுப்பு. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கும் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

கூட்டம் முடிந்ததும் உண்டியல் துண்டு சுற்றி வந்தது. அந்த உடற்கல்வி மாணவி ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தின் தலையில் ‘ஆடி நிறுத்தியவர்கள்’ என்று எழுதி, கீழே மூன்று பெயர்களை உடனே எழுதிவிட்டார். மூன்றாவது பெயர் அவருடைய அக்காவின் பெயர்.